வேலிக்கு அக்கட்டால

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் முடிந்துவிட்டது. போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து கோகிலா என்கிற நில அளவர் போன் செய்தாள். கோவை நகரத்தின் பூங்காக்களையும் மயானங்களையும் இப்போது ட்ரோன் பறக்கவிட்டு அளக்கிறார்களாம். என் காலத்துப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை அவளுக்கு.

“ஏனுங்கக்கா, ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசியா ‘நடந்து பார்த்தது’ன்னு எழுதியிருக்கறீங்க. அதை ஏத்தறதுக்கு இங்க கட்டமே இல்லீங்க. என்னங்க பண்றது?”

“உட்டுருங்க கண்ணு.”

“அப்படின்னா என்னங்க அர்த்தம்?”

அந்த இடத்தைச் சுற்றி முழுக்க நடந்து பார்த்தேன் என்று அர்த்தம் என்றேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் ஒரே ஒரு பக்கத்தில் அதற்கு அந்த அர்த்தம் கிடையாது. அதைப் போனில் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். அப்பா எண்ணெய் மில்லில் கொப்பரை காயப்போடும் களத்தில் மேஸ்திரி. பிளஸ் டூ முடித்துத் தேர்வு எழுதினேன். டைப்பிஸ்ட் வேலை வரும் என்று எதிர்பார்த்தேன். நில அளவர் வேலை வந்தது. பயிற்சியில் சங்கிலி இழுக்கவும், செங்கோணம் பிடிக்கவும், வெயிலில் மயங்காமல் நிற்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவதில் நான் இரண்டு முறை தவறினேன். பிறகு கல்யாணம், கோவைக்கு மாற்றல். இருபத்தாறு வயதில் நான் ஆய்வாளர் சென்னியப்பன் முன்னால் போய் நின்றேன்.

சென்னியப்பன் சார் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். ஒல்லி. எந்நேரமும் கையில் கருப்புக் குடை. யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. கடைநிலை ஊழியரிலிருந்து கலெக்டர் வரைக்கும் எல்லோருக்கும் ஒரே ‘ங்க’தான். அளவு எடுக்கும் இடத்தில் நாய் குறுக்கே வந்தால் அதற்கும், “கொஞ்சம் தள்ளிக்குங்க” என்பார். நாய் தள்ளிக்கொள்ளும்.

அறிக்கை கொடுத்தால் அவர் கணக்கைப் பார்க்க மாட்டார். கணக்கு யார் வேண்டுமானாலும் போடலாம் என்பது அவர் கட்சி. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“வேலிக்கு அக்கட்டால என்னங்க இருக்குது?”

அந்தப் பக்கம் போகாதவன் அங்கே மாட்டிக்கொள்வான். தெற்கு வேலிக்கு அப்பால் மாட்டுக் கொட்டகை என்று நான் ஒருமுறை உத்தேசமாகச் சொன்னேன். “எத்தன மாடுங்க?” என்றார். மறுபடியும் போய் எண்ணிவிட்டு வந்தேன். மாடே இல்லை, பழைய டயர் அடுக்கி வைத்திருந்தார்கள். அவர் டயர் என்று எழுதிக்கொண்டார்.

நகரத்தில் பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய பசுமை இடங்களையும் மயானங்களையும் ஒன்றுவிடாமல் நேரில் பார்த்துப் பதிய வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. எங்கள் பகுதிக்கு அந்த வேலை எனக்கு. கூடச் சங்கிலி பிடிக்க ஆறுச்சாமி. அவருக்கு அப்போதே நாற்பது வயது, பெரிய மீசை, எண்ணுவதை மட்டும் சத்தமாகச் செய்வார். மற்ற நேரத்தில் பேச்சே கிடையாது.

முறை இதுதான். இடத்தின் வடமேற்கு மூலையில் ஆரம்பிக்க வேண்டும். வலப்பக்கமாகச் சுற்றி நடக்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் எல்லைக் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் குச்சியால் குத்திப் பார்த்து, அப்புறம் கடப்பாரையால் தோண்டிப் பார்க்க வேண்டும். பிறகு உள்ளே என்ன, வெளியே என்ன என்று நான்கு பக்கமும் எழுத வேண்டும். சுற்றி முடித்து, கிளம்பிய கல்லின் மேலேயே கால் வைத்த பிறகுதான் ‘நடந்து பார்த்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். இது அரசாங்க விதி அல்ல. சென்னியப்பன் சார் விதி.

அப்படி நான்கு வருடம் நடந்தேன். பலகையைத் தவிர வேறு எதிலும் பச்சை நிறம் இல்லாத பூங்காக்களைப் பார்த்தேன். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒருவர் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து, “பார்க்குன்னா செடி இருக்கோணுமுல்லங்க” என்று என்னிடமே கேட்டார். மின்மாற்றிக்குப் பின்னால் மூன்றடி அகலச் சந்து ஒன்று வரைபடத்தில் ‘சிறுவர் விளையாட்டுத் திடல்’. அதையும் சுற்றி வந்தேன். நாலு எட்டில் முடிந்துவிட்டது.

மரம் வேண்டுமென்றால் மயானங்களுக்குத்தான் போக வேண்டும். வேம்பும் புங்கனும் அங்கே வளர்ந்த மாதிரி நகரத்தில் வேறெங்கும் வளரவில்லை. மயில்கள் சமாதிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அடிபம்பில் தண்ணீர் தவறாமல் வரும். வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் காவலாளி இரண்டு ஆடுகளை விட்டுப் புல்லைக் குறைத்துக்கொண்டிருந்தார். அவற்றையும் எழுதிக்கொண்டு போனேன். சென்னியப்பன் சார் அடித்துவிட்டார். “ஆடு நடந்து போயிருமுங்க. மரத்தை எழுதுங்க.”

முஸ்லிம்களின் கபர்ஸ்தான் ஒன்றில் வாசலிலேயே நின்றுவிட்டேன். பெண்கள் உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. பொறுப்பாளர் பெரியவர் ஒருவர் தாடியைத் தடவி யோசித்தார். “நீங்க பொம்பளையா வரலீங்களே, கவர்மெண்டா வந்திருக்கறீங்க. வாங்க,” என்று கேட்டைத் திறந்துவிட்டார். உள்ளே மருதாணிப் புதர் வேலி. சுற்றி முடிக்கும்போது டீ வந்தது.

வெளியே நான் அரசாங்கமாக இருந்தாலும் வீட்டில் மருமகள். மயானத்துக்குள் போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுப்படி ஏற வேண்டும். மாமியார் இதற்காக என்னைத் திட்டியதே இல்லை. வாசலில் இரண்டு குடம் தண்ணீரும் மாற்றுச் சேலையும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். பக்கவாட்டில் தகரம் அடைத்து ஒரு மறைப்பும் செய்து கொடுத்தார் என் கணவர். பம்ப்செட் கம்பெனியில் பிட்டர், வேலை சுத்தமாக இருந்தது.

சிக்கல் தண்ணீரில் வந்தது. எங்கள் வீதிக்கு முறை வைத்துத்தான் குழாயில் தண்ணீர் விடுவார்கள். கோடையில் முறைக்கும் முறைக்கும் இடைவெளி நீளும். கடைசி நாட்களில் ட்ரம்மின் அடியில் சமைக்க மட்டும்தான் இருக்கும். அதனால் நானே ஒரு திட்டம் வகுத்துக்கொண்டேன். தண்ணீர் வந்த வாரம் மயானம், வராத வாரம் பூங்கா. இது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நகரத்தின் கிழக்குப் பக்கம் ஒரு லே-அவுட். ஊர்ப்பெயர் வேண்டாம். அதன் பூங்காவுக்கு ஒரு சித்திரை மாதத்தில் போனேன். தண்ணீர் வராத வாரம்தான். மூன்று பக்கமும் சரியாக இருந்தது. கிழக்குப் பக்கம் கல்தூண் நட்டுக் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பழைய மயானம். அதை ஒட்டிய காலனியில் இருந்த விவசாயக் கூலிக் குடும்பங்கள், இந்துக்களும் கிறிஸ்தவர்களும், தலைமுறை தலைமுறையாக அங்கேதான் அடக்கம் செய்து வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இப்போது லேத் பட்டறையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்கிறார்கள்.

கிழக்கு மூலைகளில் எல்லைக் கல் இரண்டும் காணோம். அப்படியானால் மயானத்துக்குள் போய், அதன் மறுகோடியில் இருக்கும் கற்களைப் பிடித்து, அங்கிருந்து அளந்து வர வேண்டும். வேலியில் ஆள் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. ஆறுச்சாமி சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். நான் ட்ரம்மின் அடியை நினைத்துக்கொண்டேன்.

‘கிழக்கு: கம்பி வேலி, அதற்கப்பால் மயானம். நடந்து பார்த்தது’ என்று எழுதி, வேலியையே எல்லையாக வரைபடத்தில் போட்டேன்.

மறுநாள் சென்னியப்பன் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அக்கட்டால போனீங்களாங்க?”

“போனேனுங்க சார்.”

“என்னங்க இருக்குது?”

“சமாதிங்க சார். ஒரு இருவது இருக்கும்.”

மயானத்தில் சமாதி இருக்கும் என்று சொல்வதற்கு அங்கே போக வேண்டியதில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பிறகு அவர் ஓய்வு பெற்று கோபிக்கே போய்விட்டார். அந்தப் பூங்காவுக்குச் சுற்றுச்சுவர் வந்தது. என் வரைபடத்தைப் பார்த்து, கம்பி வேலி இருந்த இடத்திலேயே கட்டினார்கள். நடைபாதை, சிமெண்ட் பெஞ்சுகள், கை சுற்றும் கருவி எல்லாம் வந்தன. நான் வேறு தாலுகாவுக்குப் போய்த் திரும்பவும் கோவைக்கு வந்தேன். பதினொரு வருடம் கழித்து ஒரு காலை தாசில்தாரிடமிருந்து போன். மயானமா பூங்காவா என்று ஒரு தகராறு, ஒரு பிணம் காத்திருக்கிறது, உடனே போய் அளங்கள் என்றார். இடத்தைச் சொன்னார். அதே பூங்கா. போனை வைத்துவிட்டு ஆறுச்சாமியைத் தேடிப் போனேன்.

இறந்தவர் சவரிமுத்து, காலனிக்காரர், எழுபத்தெட்டு வயது. மகன் பீட்டர் லேத் பட்டறை வைத்திருந்தார். சவரிமுத்துவுக்கு ஒரு மகளும் இருந்தாள், ஸ்டெல்லா. ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பக்கத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இவர் கண்ணை மூடியிருக்கிறார். அந்தக் குழி இருப்பது சுவருக்கு இந்தப் பக்கம், பூங்காவின் நடைபாதை ஓரத்தில் என்று குடும்பம் சொன்னது. விடிந்ததும் பீட்டரும் சொந்தக்காரர்களும் மண்வெட்டியோடு பூங்காவுக்குள் வந்துவிட்டார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் மறித்துக்கொண்டார்கள். நடுவில் இரண்டு போலீஸ்காரர்கள்.

நான் ஆறுச்சாமியோடு போய் இறங்கியதும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நடராஜ் ஓடி வந்தார். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர், வெள்ளை கேன்வாஸ் ஷூ, கையில் ஒரு ஃபைல்.

“வாங்க மேடம், நல்லவேளை நீங்களே வந்தீங்க. இது உங்க கையெழுத்துதானுங்களே? நீங்களே சொல்லிப்போடுங்க, இது பார்க்குன்னு. அவங்களும் பாவம், துக்கத்துல இருக்கறாங்க. சண்டை வேண்டாமுங்க.”

என் வரைபடத்தை லேமினேட் செய்து வைத்திருந்தார். அடியில் என் கையெழுத்து, அதற்கும் அடியில் சென்னியப்பன் சார் கையெழுத்து. எழுத்து கொஞ்சம்கூட மங்கவில்லை.

எல்லோரும் நின்றுகொண்டிருக்க ஒரு கிழவி மட்டும் நடைபாதை ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சவரிமுத்துவின் மனைவி அந்தோணியம்மாள். வீட்டில் கணவரை ஃப்ரீசர் பெட்டியில் வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

“அளக்கற அம்மணி நீங்கதானுங்களா?”

“ஆமாங்கம்மா.”

“எம்புள்ள இங்கதானுங்க இருக்கறா. அந்தப் புங்க மரத்துல இருந்து பதினாலு எட்டு. அப்ப மரம் என் இடுப்பு ஒசரமுங்க.”

எங்கள் துறையில் எட்டு ஓர் அளவு இல்லை. இருந்தாலும் மரத்தைப் பார்த்தேன். நல்ல பெரிய மரம், பூங்காவுக்குள்தான் இருந்தது.

நடராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அந்தம்மா ரொம்ப நாளா வாரவங்கதானுங்க மேடம். நடக்கவே மாட்டாங்க. வந்து அந்தப் பெஞ்சுல உக்காந்துட்டுப் போயிருவாங்க. நவம்பர் ரெண்டாந்தேதி ஆனா சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்க. பெஞ்சு நடக்கறவங்களுக்குத்தான்னு நானே ஒருக்கா சொல்லியிருக்கறனுங்க.”

நவம்பர் இரண்டு கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைத் திருநாள். கல்லறையில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சுவர் வந்த பிறகு அந்தோணியம்மாள் பூங்காவின் முன்வாசல் வழியாக வந்து, ஏற்றாத மெழுகுவத்தியைப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இதைப் பீட்டர் பிற்பாடு சொன்னார்.

அளக்கத் தொடங்கினோம். புலப்படம் என்பது ஒவ்வொரு நிலத்துக்கும் அரசாங்கத்தில் இருக்கும் அளவுப் படம். அந்த மயானத்தின் பழைய படத்தை எடுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போனேன். அன்றைக்கு நான் போயிருக்க வேண்டிய பாதைதான். தும்பைச் செடிக்குள் முதல் கல் கிடைத்தது. அரைமணி நேரத்தில் படத்தில் இருந்த மூன்று கற்களும் கிடைத்துவிட்டன. தோண்டக்கூட வேண்டியிருக்கவில்லை. கற்களுக்கு இடையே உள்ள தூரம் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம். ஒத்துப்போனது. கற்களை இணைத்துக் கோடு பிடித்தோம். கோட்டிலிருந்து செங்கோணத்தில் மேற்கே அளந்து வந்தோம். சுவர் குறுக்கே வந்தது. பீட்டர் ஏணி கொண்டுவந்தார். சுவரின் மேல் டேப்பைப் போட்டு அந்தப் பக்கம் ஆறுச்சாமி பிடித்தார். அவர் எண்ணும் சத்தம் மட்டும் கேட்டது.

எல்லை சுவரில் இல்லை. சுவரைத் தாண்டி இருபத்து நான்கு அடி பூங்காவுக்குள் இருந்தது. நடைபாதையின் ஒரு பக்கம், பெஞ்சு, கை சுற்றும் கருவி, புங்க மரம் எல்லாமே மயானத்தில். வேலியை அங்கே தள்ளி நட்டது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. லே-அவுட் போட்டவர் உயிரோடு இல்லை. ஆனால் வேலியை எல்லை என்று எழுதியது யார் என்பதில் சந்தேகம் எதுவும் இல்லை.

ஆறுச்சாமி டேப்பைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

“மேடம், அன்னைக்கு நாம அக்கட்டால போகலீங்க.”

“தெரியுமுங்க ஆறுச்சாமி.”

“நான் யாருகிட்டயும் சொல்லலீங்க.”

அவர் என்ன சொல்கிறார் என்று புரிந்தது. சுவரிலிருந்தே அளந்து, பழைய வரைபடம் சரி என்று எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது. எனக்கு ஓய்வு பெற இன்னும் இருபது வருடம் இருந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். பத்து நிமிடம் யோசித்தேன். பெஞ்சில் இருந்த கிழவி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூவரச இலை ஒன்றைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கோபிக்குப் போன் செய்தேன். கீழே இருப்பது அவர் கையெழுத்தும் அல்லவா? சென்னியப்பன் சார்தான் எடுத்தார். தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.

“அன்னைக்கு நீங்க கேட்டீங்க. போனேன்னு சொன்னேனுங்க சார். போகலீங்க.”

மோட்டார் சத்தம் நின்றது. நிறுத்திவிட்டு வந்து பேசினார்.

“தண்ணி வராத வாரமுங்களா?”

அதைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை.

“ரிஜிஸ்டரைப் பாத்தா தெரியுமுங்க. ஒரு வாரம் பூரா பார்க்கு, ஒரு வாரம் பூரா மயானம். நானுந்தான் அந்த ஊருல தண்ணி புடிச்சவன். நீங்க போகலைன்னு எனக்கு அன்னைக்கே ஒரு எண்ணமுங்க. நான் ஒரு எட்டுப் போயிப் பாத்திருக்கோணும். மூட்டு வலிங்க. கையெழுத்தைப் போட்டுட்டேன்.”

“நான் என்னங்க சார் பண்றது?”

“எழுதுங்க. ரெண்டு பேரும் போகலைன்னு எழுதுங்க.”

தாசில்தார் பதினொரு மணிக்கு வந்தார். சுற்றுச்சுவரில் காகிதத்தை அழுத்தி வைத்து நான் எழுதிய அறிக்கையை இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இப்படி எழுதணும்னு அவசியம் இல்லீங்களே மேடம். ‘மறு அளவையில் பிழை கண்டறியப்பட்டது’ன்னு எழுதினாப் போதுமே. உங்க பேரு எதுக்கு?”

“பிழை தானா வரலீங்க சார்.”

அவர் பேனாவை மூடிக்கொண்டு, காகிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டார். வருவாய்த்துறைக் கணக்கில் அது மயானம் என்பதால் அடக்கத்துக்குத் தடை இல்லை என்றார். ஆனால் எல்லையைத் திருத்தி இறுதி உத்தரவு வரும்வரை அந்த இருபத்து நான்கு அடியில் சிலுவையோ சமாதியோ எந்தக் கட்டுமானமும் கூடாது என்றும் சொன்னார்.

அடுத்து நான் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. பெஞ்சுக்குப் போய் அந்தோணியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அம்மா, இந்த இடம் உங்க மயானந்தானுங்க. அளந்தாச்சு.”

“அது எனக்குத் தெரியுமுங்களே அம்மணி.”

“சுவரு இங்க வந்ததுக்குக் காரணம் நானுங்க. பதினொரு வருசத்துக்கு முன்னால நாந்தான் அளக்க வந்தேன். வேலிக்கு அக்கட்டால வந்து பாக்காமயே எழுதிப்போட்டேன்.”

அவர் இலையைக் கீழே போட்டார்.

“ஏனுங்க வரலை?”

காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

“மயானத்துக்குள்ள வந்தா ஊட்டுக்குப் போயிக் குளிக்கோணுமுங்க. அன்னைக்கு ஊட்டுல தண்ணி இல்லீங்க.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சுவருக்கு மேலே தெரிந்த காலனி ஓட்டு வீடுகளைக் கையால் காட்டினார்.

“அதா, மூணாவது ஊடு எங்குளுது. வந்து கேட்டிருந்தா ஒரு கொடம் குடுத்திருப்பனுங்களே.”

நான் அந்த மூன்றாவது ஓட்டு வீட்டை எண்ணிப் பார்த்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்குப் போக வேண்டும், வேட்டி மாற்ற வேண்டும் என்றார். கணவருக்கு.

நடராஜ் விஷயத்தைக் கேட்டதும் லேமினேட் செய்த வரைபடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப இது?” என்றார். தப்பு என்றேன். “இத்தன வருசமா இதை வெச்சுத்தானுங்களே எல்லார்கிட்டயும் பேசுனேன்,” என்றார். உறுப்பினர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார்கள். போகலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம் என்றார் அவர். பிறகு வீட்டுக்குப் போய் ஸ்பேனர் செட் எடுத்துவந்து, குழி வெட்டுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்த கை சுற்றும் கருவியைத் தன் கையாலேயே கழற்றினார். துருப்பிடித்த போல்ட் ஒன்று வரவில்லை. பீட்டர் பட்டறைக்குப் போய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். இருவரும் குனிந்து அந்த போல்ட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

சுவரில் வழி இல்லாததால் சவரிமுத்துவைப் பூங்காவின் முன்வாசல் வழியாகத்தான் கொண்டுவந்தார்கள். நடைப்பயிற்சிக்கு வந்திருந்த சிலர் ஷூவைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்கள். சாமியார் ஜெபம் சொன்னார். அந்தோணியம்மாள் புங்க மரத்திலிருந்து எட்டு எண்ணி நடந்து வந்து, பெஞ்சுக்குப் பின்னால் நின்றார். மகளுக்கு இடம் விட்டு, அதற்குப் பக்கத்தில் வெட்டினார்கள்.

என்மேல் விசாரணை நடந்தது. கண்டனம் என்று தீர்ப்பாகி, பணிப்பதிவேட்டில் ஏறியது. நியாயம்தான். சென்னியப்பன் சார் தன் பங்குக்கு ஒப்புக்கொண்டு பதிவுத் தபாலில் கடிதம் எழுதினார். ஓய்வு பெற்று ரொம்ப நாளாகிவிட்டதால் நடவடிக்கைக்கு இடமில்லை என்று பதில் வந்தது. அவருக்கு அது திருப்தியாக இல்லை. இன்னொரு கடிதம் எழுதினார். அதற்கும் அதே பதில். அடுத்த வாரம் பஸ் ஏறி வந்துவிட்டார். குடையை ஊன்றிக்கொண்டு மயானத்தை வடமேற்கு மூலையிலிருந்து சுற்றி வந்தார். ஒன்றேகால் மணி நேரம் ஆனது, இடையில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். முடித்துவிட்டு அடிபம்பில் கால் கழுவிக்கொண்டு கோபி பஸ்ஸுக்குப் போனார்.

தற்காலிக எல்லை தெரிவதற்காக அந்த இருபத்து நான்கு அடி முடியும் இடத்தில் நானும் ஆறுச்சாமியும் புதிதாக இரண்டு கல் நட்டோம். ஒன்று பெஞ்சை ஒட்டி வந்தது. நட்டு முடித்து மண்ணை மிதித்துக்கொண்டிருந்தபோது அந்தோணியம்மாள் வந்தார்.

“அம்மணி, இந்தக் கல்லுல பேரு எழுதலாமுங்களா?”

“இல்லீங்கம்மா. இது அரசாங்கக் கல்லு. எதுவும் எழுதக் கூடாதுங்க.”

“சிலுவை வெக்கவும் கூடாதுன்னாங்க.”

“உத்தரவு வர்ற வரைக்குமுங்க.”

“செரிங்க,” என்று போய்விட்டார்.

இறுதி உத்தரவு உடனே வரவில்லை. சங்கத்து உறுப்பினர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள், வாய்தா மேல் வாய்தா. நட்ட கற்கள் இருக்கின்றனவா என்று அவ்வப்போது போய்ப் பார்த்து எழுத வேண்டியது என் வேலை. மயானத்துக்குள் போய் வந்த நாளெல்லாம் குளித்தேன். தண்ணீர் இல்லாத நாளில் மாமியாரிடம் சொல்லிவிட்டுக் குளிக்காமலே படி ஏறினேன். முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் பழகிவிட்டது.

அந்த வருடம் நவம்பர் மூன்றாம் தேதி காலையில் கற்களைப் பார்க்கப் போனேன். முதல் கல் அப்படியே இருந்தது. பெஞ்சை ஒட்டிய இரண்டாவது கல்லைச் சுற்றிச் செவ்வந்திப் பூ. கல்லின் தலையில், அளவைக் குறி கொத்தியிருக்கும் இடத்தில், எரிந்து முடிந்த மெழுகுவத்தி. மெழுகு நான்கு பக்கமும் வழிந்து உறைந்து குறியே தெரியவில்லை.

அரசாங்க எல்லைக் கல்லை மறைப்பதோ அதன்மேல் எதையும் வைப்பதோ குற்றம். பார்த்தால் அறிக்கை கொடுக்க வேண்டும், மெழுகைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆறுச்சாமி பையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். உள்ளே வையுங்கள் என்றேன்.

பதிவேட்டை மடியில் விரித்து எழுதினேன்: ‘கல் இரண்டும் உள்ளன. நல்ல நிலை.’